ஐந்தாம் நாள் சிவப்பு

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏறும்போது என் பேச்சைக் கேட்பதில்லை. உன் மனைவியின் இருமல் விட்டதா? குட்டிப்பெண்ணுக்கு முன்பல் விழுந்த கதையை நீ சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. போனில் பேசினால் நாம் இருவருமே "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அதனால்தான் பெரிய விஷயங்களுக்குப் பேனாவை எடுக்கிறேன்.

பெரிய விஷயம் இதுதான்: மருத்துவமனையில் எனக்கு ஓர் ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. ஆராய்ச்சி என்றால் டாக்டர்கள் செய்வது என்று எங்கள் மேட்ரனும்தான் நினைத்தார். "இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டாச்சு, இன்னும் எதுக்கும்மா இந்த எழுத்து வேலை?" என்றார். நர்ஸிங் கல்லூரிப் பேராசிரியை ஒருவர்தான் எனக்காக வாதாடினார். "நோயாளி பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கிறது யாரு? கிருமி எந்த வழியா உள்ள போகுதுன்னு அவங்க பார்க்காம வேற யார் பார்ப்பா?" என்று அவர் கேட்டதும் மேட்ரன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் எடுத்திருப்பது ட்ரிப்ஸ் ஊசி. குத்திய ஊசியை உருவிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மட்டும் நரம்புக்குள் விட்டுவைப்போம் இல்லையா, அதைத்தான் நாங்களும் ஊசி என்றே சொல்கிறோம். மருந்து போகிற அதே வழியில் கிருமியும் போகும். எத்தனை நாள் அது கையில் இருக்கிறது, யார் தினமும் பார்க்கிறார்கள், எத்தனை இடங்கள் சிவக்கின்றன, எத்தனை பேருக்கு ரத்தம் வரைக்கும் போகிறது என்று முதல் இரண்டு மாதம் வெறுமனே பார்த்து எழுதுவேன். பிறகு ஒரு புது முறையைக் கொண்டுவந்து, மாற்றம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏன் இந்த விஷயம் என்று அனுமதி கொடுத்த குழுவில் கேட்டார்கள். "தினமும் கண்ணுல படுறதுதான் சார்" என்றேன்.

லிஃப்ட் ரிப்பேர் செய்யும்போது பெட்டியின் மேலே நின்றுகொண்டு போனை எடுக்காதே. குட்டிக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

என் ஆராய்ச்சிக்கார அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். இருமல் போய்விட்டது. விழுந்த பல்லைக் குட்டி என் டூல் பாக்ஸில் போட்டு வைத்திருந்தாள். ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில் ஸ்பேனர் தேடும்போது பல் கையில் வந்தது. உதவியாளர் அலறிவிட்டார். உன் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுப் பார். எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.

நீ எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. நாங்கள் பார்க்கிற ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் ஒரு கார்டு தொங்கும். பார்த்த தேதி, பார்த்தவன் கையெழுத்து, அடுத்து எப்போது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கார்டு இல்லாத லிஃப்டை எவனும் பார்க்க மாட்டான், அடுத்தவன் பார்த்திருப்பான் என்று போய்விடுவான். உன் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு கார்டு தொங்கவிட்டால் என்ன? மெக்கானிக் சொன்னான் என்று மேட்ரனிடம் சொல்லாதே.

அக்கா, இந்த மாதம் பதினைந்தாம் தேதியோடு அம்மா போய் இரண்டு வருடம். உன்னிடம் நான் சரியாகக் கேட்டதே இல்லை. வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, கேட்க வாய் வரவில்லை. கடைசியில் அம்மா என்ன சொன்னாள்? என்னைக் கேட்டாளா? வயிற்றுக் கோளாறுக்குச் சேர்த்தவள் எப்படிப் போனாள்? என்னை நினைத்து ஏங்கித்தான் உடம்பு விட்டுவிட்டது என்று எனக்கு ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்திருக்கிறது, போக மாட்டேன் என்கிறது.

பதில் போடு.

தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பல் கதையை வார்டில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். எண்ணெய் போட்டுவிட்டேன், முழங்கால் பரவாயில்லை.

நான் இப்போது பழைய வார்டில் பொறுப்பு நர்ஸ் இல்லை, ஆராய்ச்சிக்காக ஒன்பது மாதம் விடுவித்திருக்கிறார்கள். கையில் அட்டையும் பேனாவுமாக இரண்டு வார்டுகளில் கட்டில் கட்டிலாகப் போகிறேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு ஊசிகளைப் பார்த்தாயிற்று. அறுபத்தொன்றில் போட்ட தேதியே இல்லை. முப்பத்தெட்டு ஊசிகள் எதற்கென்றே தெரியாமல் கையில் கிடந்தன. மருந்தெல்லாம் நிறுத்தியாயிற்று, "எதுக்கும் இருக்கட்டும்" என்று விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த "எதுக்கும் இருக்கட்டும்" என்கிற சொல்லை எத்தனை முறை கேட்கிறேன் என்று தனியாகக் கோடு போட்டு வருகிறேன்.

நர்ஸ்களுக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை. கண்ணாடி போட்ட ஒருத்தி, நல்ல வேலைக்காரி, எல்லாரும் அவளைக் கண்ணாடி சிஸ்டர் என்போம். அவள் நேராகவே கேட்டாள்: "நேத்து வரைக்கும் எங்களோட நின்னீங்க. இன்னைக்கு வேவு பார்க்க வந்துட்டீங்களா?" யார் பெயரையும் எழுத மாட்டேன், எண் மட்டும்தான் என்றேன். "எண்ணுக்குப் பின்னாடி ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

உன் கார்டு யோசனை ரொம்ப நன்றாக இருக்கிறது. ஏப்ரலில் தொடங்குகிற புது முறையில் சேர்க்கப் போகிறேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வயதாகிவிட்டது, உடம்பு தாங்கவில்லை. அதில் நீ செய்திருக்கக்கூடியது எதுவும் இல்லை. வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

குட்டிக்குப் புது பல் முளைக்கிறதா?

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஊசி பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அம்மாவைப் பற்றி மூன்று வரி. கோபத்தில் சொல்லவில்லை. உனக்கும் கஷ்டமாக இருக்கும், அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவள் நீ. ஆனால் "நீ செய்திருக்கக்கூடியது எதுவும் இல்லை" என்று எழுதினாயே, அது சரியில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அம்மாவைச் சேர்த்த மறுநாளே எனக்கு லீவு கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போட்ட சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அப்போது நீ கூப்பிட்டு, "நல்லா இருக்காடா, அவசரம் இல்ல" என்றாய். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த வாரம் ஒரு புதுக் கட்டடத்தில் எட்டு லிஃப்ட் திறக்க இருந்தது. கூட இருந்து முடித்துக் கொடுத்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். லீவுச் சீட்டை நானே திருப்பிக் கொடுத்தேன். லிஃப்ட் திறந்தது. பதவியும் வந்தது. அடுத்த வாரம் அம்மா இல்லை. அந்தப் பதவியில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

போன வாரம் ஒரு வயதான அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கதவை நெம்பித் திறந்து கையைக் கொடுத்தேன். வெளியே வந்த பிறகும் விடவில்லை. "உன் அம்மா புண்ணியம் பண்ணவங்கப்பா" என்றார். அதற்கப்புறம் அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை.

என் மனைவிக்குக்கூட இந்த லீவு விஷயம் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தம்பி


ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலமா? பதில் எழுத ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான்.

உன் லீவு பற்றி நீ எழுதியது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நான் அவசரமில்லை என்றேன், நீ வரவில்லை. இதில் உன் மேல் என்ன தவறு.

ஏப்ரலிலிருந்து புது முறை நடக்கிறது. ஊசி போட்ட தேதியைப் பிளாஸ்டர் மேலேயே எழுத வேண்டும். கட்டிலில் கார்டு. ஒவ்வொரு டியூட்டியிலும் அந்த இடத்தை ஒரு முறை பார்த்து, நன்று, சிவப்பு, வீக்கம் என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். "இன்றைக்கு இது தேவையா?" என்று ஒரு கேள்வி. தேவையில்லை என்றால் டாக்டரைக் கேட்டு உடனே எடுத்துவிட வேண்டும். மே மாதக் கார்டுகளைக் கூட்டிப் பார்த்தால் எல்லாமே "நன்று". மேட்ரனுக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் சந்தேகம். சிவப்பே இல்லாத வார்டு உலகத்தில் கிடையாது.

நான் பயந்தது போலவே ஆயிற்று. ஒரு தச்சர், வலது கையில் ஊசி. கார்டில் காலையில் "நன்று". நான் பிளாஸ்டரைத் தூக்கினால் மணிக்கட்டு வரை சிவந்து தடித்திருக்கிறது. அந்தக் கையால் இழைப்புளி பிடித்துப் பிழைக்கிற மனிதர். குறித்தது கண்ணாடி சிஸ்டர். எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டுவிட்டேன். "கண்ணு தெரியலையா, இல்ல மனசு வரலையா?" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவள் அழவில்லை. "தெரிஞ்சுது சிஸ்டர். எழுதினா விசாரணை, விளக்கக் கடிதம். உங்களுக்குன்னா சர்வீஸ் புத்தகத்துல ஒரு வரியோட போயிடும். நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன், எனக்கு வேலையே போயிடும். உண்மையை எழுது எழுதுன்னு சொல்றீங்களே, உங்க தப்பு ஒண்ணையாவது நீங்க எழுதியிருக்கீங்களா?" என்றாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தச்சர் கை குணமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வருடமாவது குட்டியைக் கூட்டிக்கொண்டு வாயேன். வீடு காலியாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

சுகமா? இங்கே குட்டிக்கு இரண்டு பல்லும் முளைத்துவிட்டன, முயல் மாதிரி இருக்கிறாள்.

கண்ணாடி சிஸ்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எங்களிடம் ஒருவன் லிஃப்ட் குழிக்குள் ஸ்பேனரை விட்டுவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்குப் போன பிறகு நினைவு வந்து ஓடி வந்து சொன்னான். அப்போதைய சூப்பர்வைசர் அவனைத் திட்டவே இல்லை. லிஃப்டை நிறுத்தி எடுத்துவிட்டு, மறுநாள் எல்லாரையும் கூட்டி, "நான் புதுசுல இதைவிட மோசமா ஒண்ணு பண்ணேன், கேளுங்க" என்று தன் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாரும் எதையும் மறைப்பதில்லை. தப்பை எழுதுகிறவனுக்கு அடி விழும் என்றால் எவன் எழுதுவான்?

அதனால் நீயே முதலில் எழுது. இருபத்தெட்டு வருடத்தில் உன்னிடம் ஒரு தப்புகூடவா இருக்காது? சின்னதாக ஒன்றை எடுத்துவிடு.

வரச் சொல்லியிருக்கிறாய். மனது வரவில்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் வருவது? அம்மாவின் கட்டிலைப் பார்த்தால் லீவுச் சீட்டுதான் ஞாபகம் வரும். என்னை வற்புறுத்தாதே. நீ இங்கே வா.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பி,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படி.

அம்மாவைச் சேர்த்தது மார்ச் மூன்றாம் தேதி, என் வார்டில். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப் போயிருந்தாள். இரண்டு பேர் குத்திப் பார்த்து நரம்பு கிடைக்காமல் விட்டார்கள். "நீயே போடுடி" என்றாள். இடது முன்கையில் நான்தான் போட்டேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். நான்காம் நாள் டாக்டர், "ட்ரிப்ஸ் போதும், ஊசியை எடுத்துடுங்க" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எடுத்துட்டு, நாளைக்கு வேணும்னா மறுபடி குத்துவீங்களா?" நான், "எதுக்கும் இருக்கட்டும்மா" என்றேன். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு அவசரமில்லை என்றது.

ஐந்தாம் நாள் காலை, பிளாஸ்டரைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி நுழைகிற இடத்தில் சிவப்பு, சட்டைப் பொத்தான் அளவு. தொட்டால் சூடு. "வலிக்குதா?" என்றேன். "லேசா" என்றாள். படிப்பு முடித்து முதல் நாள் வேலைக்கு வந்த நர்ஸ்கூட அந்த நிமிடமே எடுத்திருப்பாள். எடுத்து, நோட்டில் எழுதி, டாக்டரிடம் சொல்லியிருப்பாள். நான் செய்யவில்லை. அன்று மேலிடத்திலிருந்து பார்வையிட வந்திருந்தார்கள். அந்த வருடம் முழுவதும் ஊசித் தொற்று இல்லாத ஒரே வார்டு என்று என் வார்டைக் காட்ட இருந்தார்கள். எழுதினால் அந்தப் பேர் போய்விடும். பழைய பிளாஸ்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினேன். அவர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவர்களோடு கட்டில் கட்டிலாக நடந்தேன். அம்மாவின் கட்டிலுக்கு வந்தபோது போர்வையை இழுத்து அவள் கையை மூடினேன். மகள் பெரிய மனிதர்களோடு நிற்கிறாள் என்று அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எடுத்தேன். ஆறாம் நாள் குளிர் நடுக்கம் வந்தது. டாக்டர் கேட்டார்: "ஊசி போட்ட இடம் எப்படி இருந்துச்சு சிஸ்டர்?" "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றேன். அந்தப் பதிலை நம்பி அவர்கள் நெஞ்சிலும் சிறுநீரிலும் தேடினார்கள். ரத்தத்தில் கிருமி என்று முடிவு வருவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. உன்னை ஆறாம் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் ஏன் திடீரென்று என்று கேட்பாய். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று பதினொன்றாம் நாள் வரை தள்ளினேன். நீ ரயிலில் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

காலையிலேயே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. ஆராய்ச்சி செய்கிறவள் தெரியாததைத் தெரியும் என்று எழுதக்கூடாது. ஆனால் ஒன்று தெரியும். அவள் உன்னை நினைத்து ஏங்கிச் சாகவில்லை. உன் லீவுச் சீட்டு அவளைக் கொல்லவில்லை. நீ இரண்டு வருடமாகச் சுமப்பது என்னுடையது. அதை நீ சுமக்கிறாய் என்று உன் கடிதம் ஒவ்வொன்றிலும் படித்தேன். படித்துவிட்டு, ஊசிக் கணக்கு எழுதி அனுப்பினேன்.

ஜூலை பத்தாம் தேதி வார்டில் ஒன்பது நர்ஸ்களையும் கூட்டினேன். நீ சொன்ன மாதிரிதான். சின்னதாக ஒன்றை எடுத்துவிடச் சொன்னாய். என்னிடம் சின்னதும் இருந்தது. வாயைத் திறந்தபோது இதுதான் வந்தது. நடந்த தவறை எழுதும் படிவத்தில் ஆள் பெயருக்கு இடமே வேண்டாம் என்று மேட்ரனிடம் எழுதி வாங்கியிருந்தேன். முதல் படிவத்தை நானே நிரப்பி, என் பெயரையும் மேலே எழுதி மேஜையில் வைத்தேன். பிறகு கண்ணாடி சிஸ்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உனக்கு எழுத இன்னும் மூன்று வாரம் தேவைப்பட்டது.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் எழுதுவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், எல்லாருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? தனியாக இருக்கிறீர்கள் என்று அதே நினைப்பாக இருக்கிறது.

உங்கள் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. உட்கார்ந்து படி என்று நீங்கள் எழுதியிருந்தும் அவர் சமையலறையில் நின்றுகொண்டேதான் படித்தார். படித்துவிட்டு மடித்து டூல் பாக்ஸின் அடித்தட்டில் வைத்தார். என்னவென்று கேட்டதற்கு, "அக்கா வேலை விஷயமா எழுதியிருக்கா" என்றார். நாலு நாள் குட்டி கேட்டதற்குக்கூட தலையைத்தான் ஆட்டினார். பிறகு அவரே எடுத்து என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் லீவுச் சீட்டு விஷயமும் எனக்குத் தெரிந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருடமாக இந்த மனிதர் சிரித்தால்கூட நடுவில் நிறுத்திக்கொள்வார். காரணம் தெரியாமல் என்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம், எழுதினீர்கள்.

தினமும், "அண்ணிக்கு ரெண்டு வரி போடுங்க" என்கிறேன். "போடறேன்" என்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள்,
தம்பி மனைவி


அக்டோபர் 1

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கோபத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நான் நலம். உன்னையும் இதில் வருத்தியிருக்கிறேன் என்பது உன் கடிதம் வரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடு என்று எழுதலாம். எழுதினால் நீ பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். அதனால் விட்டுவிடுகிறேன்.

அவனை வற்புறுத்தாதே. எழுதாமல் இருப்பதும் அவன் உரிமைதான்.

ஆராய்ச்சி இந்த மாதம் முடிகிறது. ஜூலைக்குப் பிறகு படிவங்கள் வரத் தொடங்கின. முதல் வாரமே பதினொன்று. மே மாதம் ஒரு சிவப்புகூட இல்லாத கார்டுகளில் ஆகஸ்டில் இருபத்தேழு சிவப்பு. மேட்ரன் பதறிப்போய், "என்னம்மா, இவ்வளவு பாடுபட்டு அதிகமால்ல போயிடுச்சு?" என்றார். "இல்ல மேடம், இப்பத்தான் நிஜம் எழுதறாங்க" என்றேன். சிவப்பாக இருக்கும்போதே பார்த்து எடுத்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மாதத்தில் ஐந்து பேருக்கு ரத்தம் வரை போயிருந்தது. கடைசி இரண்டு மாதத்தில் ஒருவர். அந்த ஒருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் படிவம் மேலே போயிருக்கிறது. விசாரணை நடக்கும் என்றார்கள். பொறுப்பு நர்ஸ் பதவி திரும்பக் கிடைக்காது என்று நினைக்கிறேன். அது சரிதான்.

குட்டியை நன்றாகப் பார்த்துக்கொள். அவனையும்.

அண்ணி


நவம்பர் 3

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

ஊசிக்காக எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருக்கிறது, ஆனால் அதை விழுங்கிக்கொள்ள முடியும். என் கையாலும் தப்பு நடந்திருக்கிறது, எவன் கையாலும் நடக்கும். என்னால் விழுங்க முடியாதது வேறு. எந்த முகத்தோடு வருவேன் என்று ஜூனில் எழுதினேன். நீ அதைப் படித்தாய். ஏப்ரலில் என் மனைவிக்குச் சொல்லாததை உனக்குச் சொன்னேன். அதையும் படித்தாய். "இதில் உன் மேல் என்ன தவறு" என்று ஒரு வரி போட்டாய். பிறகு ஒன்பது நர்ஸ்களைக் கூட்டி வைத்துச் சொன்னாய். என் அம்மா எப்படிச் செத்தாள் என்று ஒன்பது பேருக்குத் தெரிந்த பிறகு பத்தாவது ஆளாக எனக்குத் தெரிகிறது. அதுவும் மூன்று வாரம் கழித்து.

நான்தான் முதலில் எழுது என்று சொன்னேன். யாருக்கு முதலில் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

எனக்கு ஒன்று வேண்டும். நோயாளி ஒருவரைப் பற்றி நாள்வாரியாகக் குறித்து வைப்பாயே, அந்த மாதிரி அம்மாவின் பதின்மூன்று நாளையும் எழுது. என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், எங்கே வலித்தது என்று சொன்னாள், எல்லாம். எனக்கு நல்லது என்று நினைத்து எதையும் விடாதே. உனக்கு நல்லது என்று நினைத்தும் விடாதே.

தம்பி


நவம்பர் 20

தம்பிக்கு,

நீ எழுதியது எல்லாமே சரி. உடம்பு நலம்தான்.

நீ கேட்ட பதின்மூன்று நாளும் இதோடு இருக்கிறது, பதினெட்டுப் பக்கம். வார்டின் பழைய நோட்டுகளைப் பார்த்தும், அப்போது டியூட்டியில் இருந்தவர்களைக் கேட்டும் எழுதினேன். எனக்கு நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

நான்காம் நாளைப் படிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அம்மா பேசியதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதே இல்லை. சொன்னால், நான்காம் நாள் இவ்வளவு நன்றாக இருந்தவளுக்கு ஐந்தாம் நாள் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதற்காகவே அதை உன்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். ஊசி விஷயத்தை மறைத்ததைவிட இதுதான் பெரிய திருட்டு என்று இப்போது தோன்றுகிறது.

அன்று காலை அம்மா தானே எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவரிடம், "என் பையன் சூப்பர்வைசர் ஆகப் போறான். எட்டு லிஃப்ட், ஒரே ஆளா நின்னு பார்க்கிறான்" என்றாள். அந்தப் பதவி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்லியிருக்க வேண்டும். நான் உன்னைக் கூப்பிட போனை எடுத்தபோது என் கையைப் பிடித்தாள். "அவனை வா வான்னு அரிக்காதே. வேலையை முடிச்சுட்டு வரட்டும். இப்ப வந்தா இந்த கட்டில் ஏன் ஆடுது, ஃபேன் ஏன் கத்துதுன்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துடுவான். ஆஸ்பத்திரியையே கழட்டிப் போட்டு, மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் வெச்சுட்டுப் போவான்" என்றாள். ஆசிரியை சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

விசாரணை முடிந்துவிட்டது. சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். வேறு வார்டில் சாதாரண நர்ஸாக டியூட்டி பார்க்கிறேன். கார்டு முறையை மருத்துவமனை முழுவதும் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அதைக் கண்ணாடி சிஸ்டர் பார்த்துக்கொள்கிறாள்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

மூவரும் நலம்.

பதினெட்டுப் பக்கத்தையும் படித்தேன். ஐந்தாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. பதின்மூன்றாம் நாளில், அம்மாவுக்கு நினைவு தப்பிய பிறகும் நீ அவள் காதில் "தம்பி வந்துட்டான்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது பொய்தான். அந்தப் பொய்க்காக நான் சண்டை போட மாட்டேன்.

நான்காம் நாளை வீட்டில் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் என்னால் முடியவில்லை, என் மனைவி வாங்கிப் படித்தாள். நாலு ஸ்க்ரூ மிச்சம் என்ற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவை நினைத்து நான் சிரித்து இரண்டு வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் அதை நீ உன்னிடமே வைத்திருந்தாய் என்று நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. சிரித்துக்கொண்டே ஆத்திரப்பட முடியும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

லீவு கேட்டிருந்தேன், கொடுத்துவிட்டார்கள். இந்த முறை சீட்டை அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இருபத்தோராம் தேதி காலை வண்டியில் வருகிறோம். பத்து நாள் இருப்போம். என்னைச் சமாதானப்படுத்தாதே, அழாதே, எனக்காக விழுந்து விழுந்து எதுவும் செய்யாதே. சண்டை போட நிறைய இருக்கிறது, நேரில் போடுகிறேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வா.

தம்பி